காமன் கூத்து

இலங்கையின் நமுனுகுல மலைச்சாரலிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் வாழும் நம் மக்களின் மூதாதையர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்தினின்று வந்தபோது உடன்கொணர்ந்த செல்வங்களுள், மாசி வளர்பிறையில் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்தையே தலையாயதென்று நான் கருதுகிறேன்.

தவத்திலிருக்கும் சிவபெருமான்மீது மன்மதன் மலர்க்கணை தொடுப்பதும், நெற்றிக்கண்ணின் அக்கினியில் அவன் பஸ்மமாவதும், ரதிதேவி புலம்புவதும் பாட்டும் ஆட்டமுமாக விடியவிடிய நிகழும். ரதி வேடத்தையும் ஆடவரே புனைவது மரபு.

அவ்விரவின் ஜீவநாடி தப்பு என்னும் பறை. மலைக்குளிரில் அதன் தோல் தளர்ந்துவிடுமாகையால், அடிப்போர் இடையிடையே சருகும் வைக்கோலும் மூட்டிய தீயில் அதனைக் காய்ச்சி, விரல்நுனியால் தட்டி நாதத்தைப் பரீட்சித்த பின்னரே, ஒரு கையில் குறுங்கோலும் மறு கையில் மெல்லிய நெடுங்குச்சியுமாக மீண்டும் தொடங்குவர். வைகறையில் தொழிலாளரைப் பிரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்புக்கு எழுப்பிய தப்பும் இதுவே; தோட்டத் துரைமாரின் ஏவலுக்கு ஒலித்த அக்கருவி, கூத்தன்று மக்களின் சொந்த ஆனந்தத்திற்கு ஒலிப்பதைக் கேட்கையில் நெஞ்சு நெகிழ்கிறது.

மன்மத தகனமும் ரதியின் புலம்பலும் இரவின் பிற்பகுதியிலேயே வருமாதலால், காணச் செல்வோர் கம்பளியுடன் சென்று இறுதிவரை இருப்பார்களாக.