வேலிக்கும் ஒரு வேலி

மன்னனின் கோல் கோடினால் அதனைக் கொடுங்கோன்மை என்று கூற எவரும் தயங்குவதில்லை. ஆயின், மக்களே தெரிந்தெடுத்த மன்றத்தின் கோல் கோடினால் அதற்கு யாது பெயர்? அதனைத் தடுத்து நிறுத்தும் உரிமை யாருக்கு உண்டு? பிரித்தானிய முடியாட்சியை உதறி 1776ஆம் ஆண்டிற் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்கர், மிக விரைவிலேயே இக்கேள்விக்கு முகங்கொடுக்க நேர்ந்தது.

வேர்ஜீனியாவின் ஆளுநராக இருந்து பட்டறிவு பெற்ற தோமஸ் ஜெபர்சன், சட்ட மன்றத்தில் அமர்ந்திருக்கும் 173 பேர் கொடுங்கோலராக மாறினால் அவர்களும் ஒரு கொடுங்கோலனைப் போன்றே மக்களை நசுக்குவர் என்று எழுதினார். அது வெறும் அச்சமன்று. 1786ஆம் ஆண்டில் றோட் தீவின் சட்ட மன்றம், தான் வெளியிட்ட காகிதப் பணத்தை ஏற்க மறுப்போரை யூரர் இன்றியே விசாரித்துத் தண்டிக்க விதி செய்தது. இறைச்சி வணிகர் ஒருவர் மறுத்தார். அவர்மீது வந்த வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் தள்ளிவிட்டனர். மன்றமோ அந்நீதிபதிகளையே அழைத்து விளக்கம் கேட்டது. அடுத்த தெரிவில் அவர்களுட் பெரும்பாலோர் பதவி இழந்தனர். வேலியே பயிரை மேயத் தொடங்கினால், அவ்வேலிக்கும் ஒரு வேலி வேண்டாமா?

வேண்டும் என்பதில் அக்கால அறிஞர் பலர் உடன்பட்டனர். எதனால் அவ்வேலியை அமைப்பது என்பதிலேதான் கருத்து மாறுபட்டது. அம்மாறுபாட்டை 1798ஆம் ஆண்டின் ‘கோல்டர் எதிர் புல்’ வழக்கிற் போல வேறெங்கும் இத்துணைத் தெளிவாக நான் கண்டதில்லை.

வழக்கு ஒரு மரண சாதனம் பற்றியது. 1793ஆம் ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்து ஹாட்போட் நீதிமன்றம் அச்சாதனத்தை ஏற்க மறுத்தது. மேன்முறையீட்டுக்குரிய 18 மாத காலமும் கழிந்தது. சொத்து கோல்டர் குடும்பத்துக்கே என்றிருந்த வேளையில், 1795ஆம் ஆண்டிற் சட்ட மன்றம் குறுக்கிட்டு, பழைய தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. மறுவிசாரணையிற் சாதனம் ஏற்கப்படவே, சொத்து புல் குடும்பத்துக்குச் சென்றது. கனெக்டிகட்டோ 1662ஆம் ஆண்டில் ஆங்கில மன்னர் அளித்த சாசனத்தையே 1818 வரை தன் ஆட்சிக்கு அடிப்படையாகக் கொண்டிருந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளில் இவ்வாறு தலையிடுவது அங்கு சட்ட மன்றத்தின் நெடுநாள் வழக்கம்.

அமெரிக்க உயர் நீதிமன்றம் மன்றத்தின் ஆணையை நிலைநிறுத்தியது. செயலுக்குப் பின் பிறந்து அச்செயலைத் தாக்கும் சட்டங்களை அரசியலமைப்பு தடைசெய்வது குற்றவியல் விடயத்தில் மட்டுமே என்பது தீர்ப்பு. முடிவில் நீதிபதிகள் ஒன்றுபட்டனர். ஆனால் இருவர் வெவ்வேறு வழியாக அங்கு வந்து சேர்ந்தனர்.

சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான சாமுவேல் சேஸ், எழுதப்பட்ட தடை இல்லாவிடினும் சட்ட மன்றத்துக்கு எல்லை உண்டென்றார். குற்றமற்ற செயலுக்குத் தண்டனை விதித்தல், ஒருவனைத் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக்குதல், ஒருவன் உடைமையைப் பறித்து மற்றொருவனுக்கு ஈதல் ஆகியவற்றைச் செய்யும் அதிகாரத்தை மக்கள் எவருக்கும் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். ஆதலின் அவை சட்டமென்னும் பெயருக்கே உரியன அல்ல என்பது அவர் வாதம்.

ஜேம்ஸ் அயர்டெல் இதனை மறுத்தார். அவர் சட்ட மன்றங்களின் அடிமையல்லர். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிபதிகள் நடைமுறைப்படுத்தலாகாது என்று 1786ஆம் ஆண்டிலேயே வட கரோலினாவில் எழுதியவர். எனினும், இயற்கை நீதிக்கு நிலையான அளவுகோல் இல்லை. அதுபற்றி ஆற்றலும் தூய்மையும் மிக்க அறிஞரும் தம்முள் மாறுபட்டுள்ளனர். ஆகவே எழுதப்பட்ட எல்லையை மீறினாலன்றி ஒரு சட்டத்தை நீதிபதி தன் நீதியுணர்வால் மட்டும் செல்லாததாக்க இயலாது என்றார்.

என் நெஞ்சம் சேஸின் பக்கம் சாய்ந்தாலும், வரலாறு அயர்டெல்லின் அச்சத்துக்குச் சான்று பகர்கின்றது. நீதிபதி என்ற முறையிற் பக்கஞ்சார்ந்து நடந்தாரென்று 1804ஆம் ஆண்டிற் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டியது அதே சேஸின் மீதுதான். 1805இல் செனற் சபை அவரை விடுவித்தது. 1905ஆம் ஆண்டில், வெதுப்பகத் தொழிலாளரின் வேலைநேரத்தை நாளுக்கு 10 மணியாக மட்டுப்படுத்திய நியூயோர்க் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அரசியலமைப்பு பெயர்சொல்லிக் குறிப்பிடாத ஒப்பந்தச் சுதந்திரத்தை, ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்குள் நீதிபதிகள் கண்டதே காரணம். ஏழையின் வேலியை நீதிமன்றமே பிடுங்கிய கதை அது.

இவ்வாதம் நம் நாட்டிலும் எதிரொலித்தது. 1962ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின்னர், பாராளுமன்றம் அவ்வழக்கிற் சிக்கியோரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றியது. தண்டிக்கப்பட்ட 11 பேரை 1965ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் விடுவித்தது. இயற்கை நீதிக்கு முரணென்ற வாதத்தை அது, அயர்டெல்லைப் போலவே, ஏற்கவில்லை. நீதி வழங்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கே உரியது என்பதை அரசியலமைப்பின் கட்டுக்கோப்பிலிருந்தே உய்த்துணர்ந்து, அதனைப் பாராளுமன்றம் கவர்ந்ததென்று முடிவு செய்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்போ, சான்றுரைக்கப்பட்ட சட்டமொன்றின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராய இடங்கொடாது. சட்டமூலமாக இருக்கும்போதே அதனை வினவ வேண்டும்.

ஆகவே, வேலி எதற்கு என்பதைச் சேஸிடமும், அதனை எங்கே நடுவது என்பதை அயர்டெல்லிடமும் நாம் கற்கலாம். நீதியுணர்வை நீதிபதியின் நெஞ்சத்தில் மட்டும் விட்டுவைத்தல் போதாது. மக்கள் விழிப்போடிருக்கும் நாளிலேயே அதனை எழுத்தில் நிறுத்திவிட வேண்டும். எழுதாது விட்ட எல்லைக்காகப் பின்னர் வழக்காடுவது எத்துணை அரிது என்பதைக் கோல்டர் குடும்பம் அறியும்.