சட்ட முதுமாணிப் பட்டமும் மனக்குறையும்

உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்ட முதுமாணிப் பட்டம் பயிலப் புகுவோருட் சிலர், இடைவழியில் மனஞ்சோர்ந்து நிற்றலை நாம் காண்கின்றோம். ஓய்வையும் பொருளையும் செலவிட்டும் வழக்காடும் உரிமை கிட்டவில்லையே என்பது அவர்தம் முறைப்பாடு. இதன் காரணம் யாது?

பட்டம் வேறு, தொழிலுரிமை வேறு. அப்புக்காத்து, பிறக்கிராசி என முன்னாளில் இரு பிரிவாயிருந்த தொழிலை 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் சட்டத்தரணி என ஒன்றாக்கிற்று. அத்தொழிலுக்கு வாயில், 1874 இல் தோன்றிய கொழும்புச் சட்டக் கல்லூரியேயாம். முதுமாணிப் பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்காது, அது ஆராய்ச்சிக்குரியது.

ஆதலின், ஆராயவேண்டிய பொருள் யாதென முன்னரே தெளிதல் வேண்டும். பொருளுக்கோ எம்மூரிற் பஞ்சமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் எழுத்திலமைந்த தேசவழமை, சுன்னாகத்துக் காணி உறுதிகளில் இன்றும் வாழ்கின்றது. அதற்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அன்றேல் நீதிமன்றத்தை நாடவேண்டும். இது தகுமா? இத்தகைய வினாவோடு செல்பவர்க்குப் பட்டம் பயன்தரும், ஊருக்கும் பயன்தரும். தொழிலை நாடுவோர் சட்டக் கல்லூரி வழியே செல்வாராக.