ஸ்கேன் ரிப்போர்ட்டில் எது முன், எது பின்?

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் பலரின் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 போஸ்டீரியர் டிஸ்க் பல்ஜ்' என்ற வரி இருக்கும். படித்ததுமே வயிறு கலங்கும். இடுப்புப் பகுதியின் 4-ஆம், 5-ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பின்பக்கமாகச் சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வலியே இல்லாத நடுவயதினர் பலருக்கும் இந்தப் பிதுக்கம் இருப்பதுண்டு.

யாருடைய வலது?

நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டும் உடலை வைத்தே மருத்துவத்தில் திசை சொல்வார்கள். நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் முதுகு 'பின்' தான். வலம், இடம் எப்போதும் நோயாளியுடையவை. சி.டி.யின் குறுக்குவெட்டுப் படத்தைக் காலடியிலிருந்து பார்ப்பதாக அமைப்பது வழக்கம். அதனால் வலப்பக்கக் கல்லீரல் படத்தின் இடப்பக்கம் தெரியும்.

திசைச் சொற்கள்

• ஆன்டீரியர்: முன், போஸ்டீரியர்: பின்
• சுப்பீரியர்: மேல், இன்ஃபீரியர்: கீழ்
• மீடியல்: நடுக்கோட்டை ஒட்டி, லேட்டரல்: அதைவிட்டு விலகி
• ப்ராக்சிமல்: கை, கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கம், டிஸ்டல்: அதிலிருந்து தள்ளி

வழுக்கி விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்கு வரும் 'டிஸ்டல் ரேடியஸ்' முறிவு, மணிக்கட்டை ஒட்டியது. இ.சி.ஜி.யில் 'இன்ஃபீரியர் வால்' என்றால் இதயத்தின் அடிச்சுவர். பெரும்பாலோருக்கு அங்கே ரத்தம் கொண்டுபோவது வலது கரோனரி தமனி. இந்தச் சுவரில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி என்றும் வரலாம். வாய்வுக் கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்து.

மூன்று வெட்டுகள்

வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்குவதுபோல உடலைக் குறுக்கே காட்டுவது ஆக்சியல். வலம், இடமாகப் பிரிப்பது சாஜிட்டல். முன், பின்னாகப் பிரிப்பது கொரோனல். முதுகெலும்பு வரிசை முழுவதும் சாஜிட்டல் படத்தில் தெரியும். தட்டு எந்தப் பக்க நரம்பை அழுத்துகிறது என்பதை ஆக்சியல் படம் காட்டிக்கொடுக்கும்.

நான்கு திசுக்கள்

உடலின் திசுக்கள் நான்கு வகை; ரிப்போர்ட்டுகளில் அவற்றை ஒட்டிய சொற்களும் வரும். தோலின் மேற்பரப்பையும் குடலின் உட்பரப்பையும் மூடியிருப்பது எபிதீலியத் திசு. எலும்பு, கொழுப்பு, ரத்தம் எல்லாம் இணைப்புத் திசு. மற்ற இரண்டு, தசைத் திசுவும் நரம்புத் திசுவும். திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் 'கார்சினோமா' என்றால் எபிதீலியத்தில் தொடங்கிய புற்றுநோய். 'சார்கோமா' என்றால் எலும்பு, தசை, கொழுப்பு போன்றவற்றில் தொடங்கியது. இரண்டுக்கும் சிகிச்சை வேறுபடும். குருத்தெலும்பும் இணைப்புத் திசுதான். ஆனால் அதில் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் தேய்மானம் தானாகச் சரியாகாததற்கு இது முக்கியக் காரணம்.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல்படி, மயக்க மருந்து கொடுக்கும் முன்பே நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, உடலின் எந்தப் பக்கம் ஆகியவற்றை அவரிடமே உறுதிசெய்ய வேண்டும். மருத்துவக் குழுவினர் கேட்காவிட்டாலும் "வலது முழங்கால்தானே?" என்று நீங்களே கேளுங்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து சிகிச்சையை முடிவுசெய்ய முடியாது; மருத்துவர் உங்களைப் பரிசோதிக்க வேண்டும். முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ஸ்கேனுக்கு நாள் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.