வில்வ இலை வடிவில் ஒரு மின்புலம்

ஆர்கான் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் டைட்டானியம் சஃபயர் லேசர் ஒளியின் அலைநீளம் 800 நானோமீட்டர். அதன் ஒரு ஒளித்துகளிடம் இருப்பதோ 1.55 எலக்ட்ரான் வோல்ட்தான். பதினோரு துகள்களாவது சேர வேண்டும். ஆனால் அந்த ஒளியை மிகக் குறுகிய துடிப்பாக்கி ஒரு புள்ளியில் குவித்துவிட்டால், அதன் மின்புலம் எலக்ட்ரானைச் சிறைவைத்திருக்கும் ஆற்றல் சுவரையே வளைத்து மெலியச் செய்துவிடும். எலக்ட்ரான் அதன் ஊடாக நழுவிவிடும்.

எந்தக் கணத்தில் நழுவியது?

இந்த ஒளி ஒருமுறை அலைந்து முடிக்க 2.67 ஃபெம்டோநொடி ஆகிறது. அதற்குள் மின்புலம் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை உச்சம் தொடும். இரண்டும் சம வலிமை என்பதால் பிரித்தறிய முடியாது. இரண்டாவது நிறம் தேவைப்படுவது இதற்குத்தான். பேரியம் போரேட் படிகத்தின் வழியே லேசரைச் செலுத்தினால், ஒரு பகுதி 400 நானோமீட்டர் ஊதா ஒளியாக மாறும். இரண்டும் கலந்தால் ஒரு பக்கத்து உச்சம் ஓங்கும், மறுபக்கம் அடங்கும். பாதையில் ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். கண்ணாடிக்குள் ஊதா மெதுவாகச் செல்வதால் ஓங்கும் பக்கம் மாறிவிடும்.

இரு நிறங்களையும் வட்டமாகச் சுழலவிடும்போதுதான் இந்த ஆய்வின் அழகே தெரிகிறது. சம வலிமையோடு எதிரெதிர்த் திசையில் சுழன்றால், மின்புலத்தின் முனை அப்படியே வில்வ இலையை வரைகிறது. மூன்று இலை நுனிகள், மூன்று உச்சங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 890 அட்டோநொடி. எலக்ட்ரான் எந்த நுனியில் பிறந்ததோ அதைப் பொறுத்தே அது உணர்கருவியை நோக்கிப் பறக்கும் திசை அமைகிறது. அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்தில் மார்கரெட் மர்னேன், ஹென்றி காப்டீன் குழுவினர் 2015இல் ஆர்கான் எலக்ட்ரான்களை இப்படிப் படம்பிடித்தார்கள்.

ஒரே திசையில் சுழலவிட்டால் இலை மறைந்துவிடும். எலக்ட்ரான்களும் பெரும்பாலும் அணுவை விட்டு விலகியே போய்விடும். எதிர்ச்சுழற்சியிலோ சில எலக்ட்ரான்கள் திரும்பிவந்து தாய் அயனியில் மோதும். மோதிச் சிதறாமல் அதனுடன் இணைபவை, மிகை புற ஊதா ஒளியை உமிழும். அந்த ஒளியும் வட்டமாகவே சுழல்வதால், முன்பு சிங்க்ரோட்ரான் நிலையங்களை நாடவேண்டியிருந்த காந்தப் பொருள் ஆய்வுகள் சிலவற்றை இன்று ஆய்வக மேசையிலேயே செய்ய முடிகிறது.