அன்றாட வாசகம் – 9: நாம் பொறுக்கி எடுக்காத வசனம்

புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது சி.எஸ்.ஐ. சபையாருக்குப் பழகிப்போன வழக்கம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். கைக்கு வந்த வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அவருக்கு. “உனக்கு என்ன வசனம் வந்துச்சு?” என்பதுதான் ஜனவரி முதல் தேதியின் முதல் பேச்சு. அட்டையில் ஆறுதல் இருக்கும், ஆசீர்வாதம் இருக்கும், பயப்படாதே என்ற தைரியம் இருக்கும். மகளைப் பலி கொடுத்த யெப்தா இருக்கமாட்டார். பணத்தை விட மனசில்லாமல் முகம் வாடித் திரும்பிப்போன பணக்கார இளைஞனும் இருக்கமாட்டான்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நாளில் நல்ல வார்த்தை சொல்வதுதான் நம் பழக்கம். ஆனால் அட்டையில் வருகிற வசனத்தோடு வேதத்தை மூடிவைக்கிறவருக்கு, அவர் கேட்க விரும்புவது மட்டுமே காதில் விழும். தினசரி வாசிப்பு நேர் எதிர் திசையில் வேலை செய்கிறது. இன்றைக்கு எந்தப் பகுதி என்பது நம் கையில் இல்லை. வேறு யாரோ, எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். விசுவாச வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் கட்சி.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த ஏற்பாடு இப்போதுள்ள வடிவத்துக்கு வந்து அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் பூசை லத்தீனில் நடந்தது, வாசகங்களும் லத்தீன்தான். வேதத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் கேட்டுக்கொண்டது. புதிய வாசக ஒழுங்கு 1969-ல் வந்தது. ஞாயிறு வாசகங்களுக்கு மூன்று ஆண்டுச் சுற்று. பொதுக்காலத்து வார நாட்களில் முதல் வாசகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். நற்செய்தி ஆண்டுதோறும் அதேதான். 2003-ல் திருச்சியிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயத்தில் காலைத் திருப்பலிக்கு என்ன வாசகமோ, அன்றைக்கு வெள்ளோட்டிலும் பஞ்சம்பட்டியிலும் ரோமிலும் அதே வாசகம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வாரத்தைப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 18 முதல் 23 வரை, பொதுக்காலத்தின் 20-ஆம் வாரம். திங்கள்கிழமைதான் அந்தப் பணக்கார இளைஞன் வந்தான். செவ்வாய்க்கிழமை கிதியோன். எதிரிக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமை அடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவரைப் போய் வானதூதர் மாவீரனே என்று கூப்பிடுகிறார். கிதியோன் பூரித்துப்போகவில்லை. ஆண்டவர் எங்களோடு இருந்தால் எங்களுக்கு ஏன் இந்தக் கதி என்று திருப்பிக் கேட்கிறார். கடவுளிடம் குறைப்பட்டுக்கொள்வது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை சத்தம் போட்டு வாசிக்க வேண்டும்.

புதன்கிழமை நம் ஊர் வாசகம். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோட்டைச் சுற்றிப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் உண்டு. தமிழ்நாட்டுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர், ஆண்டு 1832 என்று வேளாண் நூல்கள் எழுதுகின்றன. வேதமும் திராட்சையும் நமக்கு ஒரே கையிலிருந்து வந்தன என்று சொல்லலாம். அன்றைய நற்செய்தி மத்தேயு 20: திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் உவமை. முதலாளி விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு மறுபடி போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி.

இறைவனின் தாராளத்தைப் பற்றியது என்று இதற்கு மறையுரை சொல்வார்கள். சரிதான். ஆனால் பந்தல் வைத்திருப்பவர் இதைக் கேட்டால் வேறு ஒன்றும் கண்ணில் படும். பழுத்த குலை காத்திருக்காது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். ஒரே நாளில் ஐந்து தடவை ஆள் தேடிப் போகிற அவசரம் அவருக்கு அத்துபடி. கூலிக்குப் போகிறவர் கேட்டால் அவர் காதில் இன்னொரு வரி தங்கும். நாள் முழுக்க ஏன் சும்மா நின்றீர்கள் என்று முதலாளி கேட்க, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் கடைசியாக வந்தவர்கள். காலையிலிருந்து கொத்தனார் கரண்டியும் மண்வெட்டியுமாக ரோட்டோரம் நின்று, பத்து மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்பியவருக்கு அந்தப் பதிலின் கனம் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒருநாள் பாடு. ஒரு மணி நேரமே வேலை செய்தவன் வீட்டிலும் ராத்திரி உலை வைத்தாக வேண்டும். முதலாளி கணக்குப் பார்த்தது அந்த உலைக்கு.

அதே நாள் முதல் வாசகத்தில் யோத்தாம் ஒரு கதை சொல்கிறார். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவம், அத்தி, திராட்சை மூன்றும் எங்களுக்கு வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கின்றன. முட்செடி மட்டும் உடனே ஒப்புக்கொண்டு, என் நிழலுக்கு வாருங்கள் என்கிறது. கருவேலங்காட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு முட்செடியின் நிழல் எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. உபயோகமானவர்கள் ஒதுங்கிக்கொண்டால் பொறுப்பு யார் கைக்குப் போகும் என்பதற்கு இது போதும். பங்குப் பேரவைத் தேர்தலுக்கும் பொருந்தும், ஊராட்சித் தேர்தலுக்கும் பொருந்தும்.

வியாழக்கிழமைதான் சோதனை நாள். நீதித் தலைவர்கள் நூல், 11-ஆம் அதிகாரம். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இப்தா, பழைய மொழிபெயர்ப்பில் யெப்தா. வெற்றியோடு திரும்பி வந்தால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதை எரிபலியாகக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்கிறார். ஜெயித்து வருகிறார். கொட்டு அடித்து ஆடிக்கொண்டு எதிரே வருவது ஒரே மகள். கொடுத்த வாக்கை மீற முடியாது என்கிறார் அப்பா. மலைக்குப் போய்த் தோழிகளோடு அழ இரண்டு மாதத் தவணை கேட்கிறாள் மகள். அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

இந்த வாசகத்தை எந்த அட்டையிலும் அச்சடிக்க முடியாது. ஆனால் நேர்ச்சை என்பது திண்டுக்கல் மண்ணில் பக்தியின் உயிர்நாடி. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவைப் பாருங்கள். அதுவும் ஆகஸ்ட் வாக்கில்தான் வரும். வேண்டுதல் பலித்தவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அத்தனையும் சமையலாகி, வந்தவர்களுக்கெல்லாம் விருந்தாகும். யார் என்ன மதம் என்று பந்தியில் கேள்வி கிடையாது. அந்த வியாழக்கிழமையின் நற்செய்தியோ திருமண விருந்து உவமை: அழைக்கப்பட்டவர்கள் வராமல் போக, தெருவில் கண்டவர்களையெல்லாம் நல்லவர் கெட்டவர் பாராமல் கூட்டிவந்து உட்காரவைத்த கதை. ஒரே நாளில் இரண்டு வாசகங்கள், இரண்டு விதமான பலி. ஒன்றில் நேர்ச்சையின் பெயரால் ஓர் உயிர் போகிறது. இன்னொன்றில் அடித்த காளை ஊர்ப்பசியை ஆற்றுகிறது.

இரண்டுக்கும் நடுவே பாடப்படும் பதிலுரைப்பாடலைப் பலர் கவனிப்பதில்லை. அன்றைக்கு 40-ஆம் திருப்பாடல். கடவுள் பலியைக் கேட்கவில்லை, கேட்கிற காதைத்தான் கொடுத்தார் என்பது அதன் பொருள். இப்தாவின் கதையை வாசித்த கையோடு இந்தப் பாடலை வைத்தவர்கள் மறையுரை எதுவும் இல்லாமலே பதில் சொல்லிவிட்டார்கள்.

அன்றாடப் பாடமும் இங்கேதான். நேர்ந்துகொள்கிறவர் தன்னுடையதை மட்டுமே நேர்ந்துகொள்ள முடியும். தன் ஆடு, தன் உழைப்பு, தன் தலைமுடி. மகளின் உயிர் அப்பாவுடைய சொத்து அல்ல. ஊரில் தலைகாட்ட முடியாது என்று மகளின் படிப்பை நிறுத்துகிறவரும், கொடுத்த வாக்குக்காகப் பிடிக்காத இடத்தில் கட்டிவைக்கிறவரும், மானத்தின் பெயரால் அவளைக் கொல்கிறவரும் இப்தாவின் வாரிசுகள்தான்.

இன்னொரு செய்தி. திருப்பலி வாசகம் 39-ஆம் வசனத்தின் பாதியில் நின்றுவிடும். புத்தகத்தில் அதற்குப் பிறகும் உண்டு: இஸ்ரயேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் கூடி அவளுக்காகத் துக்கம் கொண்டாடினார்கள். அநியாயமாகச் செத்த பெண்ணைத் தெய்வமாக்கிப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த நான்கு நாள் புரியும். ஆகவே வாசகம் முடிகிற இடத்தில் புத்தகத்தை மூடாதீர்கள். இன்னும் இரண்டு வரி வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை எதிர்பார்த்ததுதான்: கடவுளை நேசி, அயலாரை நேசி. சனிக்கிழமை அந்த அயலார் யாரென்று ரூத்து காட்டிவிடுகிறார். மோவாபு நாட்டுப் பெண், விதவை, பிழைக்க வந்தவர். வயலில் அறுவடை செய்கிறவர்களுக்குப் பின்னால் போய்ச் சிந்தியதைப் பொறுக்குகிறார். ஏழைக்கும் அந்நியருக்கும் கதிரை விட்டுவைக்க வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். அது அவருடைய உரிமை. வயலின் சொந்தக்காரர் போவாசு, அவரைத் தொடக் கூடாது என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார். அப்படிக் கட்டளையிட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். வேலைக்கு வந்த பெண்ணுக்கு வயலில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது பழங்கதை இல்லை. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த ரூத்துகள் வேலை செய்கிறார்கள். 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. வேலைத்தளத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, தொழிலாளர்களே கண்காணிக்கும் அந்த ஏற்பாட்டை இன்று உலகம் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று அழைக்கிறது. ரூத்துக்குப் பாதுகாப்பு ஒரு நல்ல முதலாளியின் மனசில் இருந்தது. இந்தப் பெண்கள் அதைக் காகிதத்தில் எழுதி வாங்கினார்கள். பேத்லகேம் வயலிலிருந்து அவர்கள் ஓர் அடி முன்னே போயிருக்கிறார்கள்.

நாம் பொறுக்கி எடுக்காத பகுதிகள் இப்படித்தான் நம்மைத் தேடி வருகின்றன. சீர்திருத்த சபைகளிலும் இதே ஒழுங்கு வேறு வடிவத்தில் உண்டு. அமெரிக்கன் மதுரை மிஷன் 1835-லேயே திண்டுக்கல்லில் வேலை தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களை அந்த மிஷன் அனுப்பியது, வேதம்தான் பாடப்புத்தகம். 1871-ல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் குடும்ப ஜெபத்துக்குத் திறக்கிறார்கள். அவர்களுடைய வேதத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். வரிசையாகப் போகிறவர் லேவியரையும் புலம்பலையும் தாண்டாமல் முடிவுக்குப் போக முடியாது.

தினம் வாசித்தால் தினம் ஞானம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். பல நாள் ஒன்றும் தட்டுப்படாது. வம்ச அட்டவணை வரும். பலிபீடத்தின் நீள அகலம் வரும். பரவாயில்லை, அன்றைய பகுதியை வாசித்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஆனால் மூன்று காரியத்தை மட்டும் செய்யுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், வேதத்தில் பெரும்பகுதி காதுக்காக எழுதப்பட்டது. அந்தப் பகுதியில் பெயரில்லாமல் நிற்பது யார் என்று தேடுங்கள். உங்களுக்குக் கோபம் வந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆறுதல் தந்த வரியை எப்படியும் மறக்கமாட்டீர்கள்.

கண்ணாடியில் செருகி வைத்த வாக்குத்தத்த அட்டை அங்கேயே இருக்கட்டும். நாளைக் காலை மட்டும் உங்களுக்குப் பிடித்த சங்கீதத்தைத் தேடிப் போகாமல், நாளைக்கு என்று குறித்திருக்கும் பகுதியைத் திறந்து வாசியுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பேதுரு தங்கிய நாட்களும், திண்டுக்கல் தோல் தொழிலாளர்களும்.