தொழிலாளி ஓட்டு எங்கே போனது?

ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னாடி பிரிட்டனில் ஒருத்தர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும், அவர் ஓட்டு எந்தக் கட்சிக்குன்னு ஓரளவு ஊகிச்சிடலாம். சுரங்கத் தொழிலாளின்னா லேபர். வங்கி மேனேஜர்னா கன்சர்வேட்டிவ். 1900-ல் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய கட்சிதானே லேபர்!

இந்தத் தொடர்பை அளக்க ராபர்ட் ஆல்ஃபோர்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு குறியீட்டெண் தந்தார். பயப்படாதீங்க, வெறும் கழித்தல் கணக்குதான். உடலுழைப்புத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இடதுசாரிக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள்? மற்றவர்களில் எத்தனை சதவீதம்? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கணும். 60, 20 என்றால் விடை 40. 1950-களில் பிரிட்டனுக்கு அவர் கண்ட சராசரியும் ஏறத்தாழ 40தான். பூஜ்யம் என்றால் வர்க்கத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போ 2017-க்கு வாங்க. லண்டனின் பணக்காரப் பகுதியான கென்சிங்டனில் லேபர் 20 ஓட்டில் ஜெயித்தது. 2019-ல் பழைய நிலக்கரிப் பகுதியான போல்சோவரை கன்சர்வேட்டிவ் பிடித்தது. அங்கே தோற்றவர் டென்னிஸ் ஸ்கின்னர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி, 1970 முதல் தொடர்ந்து எம்.பி. அந்தத் தேர்தலில் தொழிலாளர்களிடமே லேபரை விட கன்சர்வேட்டிவுக்குத்தான் அதிக ஓட்டு.

ஏன் இப்படி? 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, கூடவே சங்கங்களும் மெலிந்தன. லேபரும் மாறியது. தொழில்களைப் பொதுவுடைமை ஆக்குவோம் என்ற வாசகத்தை 1995-ல் டோனி பிளேர் கட்சி விதியிலிருந்து எடுத்துவிட்டார். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு படிப்பும் வயசும் வருமானத்தை விட முக்கியமாகிவிட்டன.

அப்போ வர்க்கம் செத்துப்போச்சா? அவசரப்படாதீங்க. ஆல்ஃபோர்டு கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு: ஓட்டுப் போட்டவர்களை மட்டும்தான் அது எண்ணுகிறது. ஜெஃப்ரி எவன்ஸ், ஜேம்ஸ் டில்லி என்ற ஆய்வாளர்கள் காட்டுவது இதைத்தான்: நமக்காகப் பேச எந்தக் கட்சியும் இல்லை என்று நினைத்த தொழிலாளர்களில் பலர் கட்சி மாறவில்லை, ஓட்டுப் போடுவதையே விட்டுவிட்டார்கள். 1950-ல் பதிவான வாக்கு 84 சதவீதம். 2024-ல் 60 சதவீதம்தான். அதில் 34 சதவீதம் வாங்கி லேபர் 411 இடம் பிடித்தது. அதாவது, பட்டியலில் உள்ள ஐந்து பேரில் ஒருத்தர் ஆதரவு.

அடுத்த தடவை "இப்பல்லாம் வர்க்கம் பார்த்து யாரும் ஓட்டுப் போடுறதில்லை" என்று யாராவது சொன்னால், அன்னைக்கு வீட்டிலேயே இருந்தது யார் என்று கேளுங்க.