கூடு விட்டுக் கூடு பாயும் ஒலி

1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இசைக்கருவிக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே இரண்டு சின்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்து வைத்திருந்தார்கள். ஒன்று அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் செய்த ப்ராஃபட்-600. மற்றது ஜப்பானின் ரோலண்ட் செய்த ஜூபிடர்-6. சந்தையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. ஒன்றின் கட்டையை அழுத்தியதும் மற்றதும் சேர்ந்து ஒலித்தது. டேவ் ஸ்மித்தும் இகுட்டாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய ‘மிடி’ என்னும் பொதுமொழி அன்று உலகத்துக்கு அறிமுகமானது. இதற்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கம்பி செய்த பெரிய காரியம், விரலையும் குரலையும் பிரித்ததுதான். விரல் ஒரு பெட்டியில் இருக்கலாம், குரல் வேறொரு பெட்டியிலிருந்து வரலாம். அப்படியானால் குரல் குடியிருக்கும் பெட்டிக்குக் கட்டைகள் எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான் இன்று கடையில் நாம் பார்க்கும் மூன்று உடல்கள்: கட்டைகளோடு வரும் கீபோர்டு, சட்டகத்தில் திருகிப் பொருத்தும் ராக், மேசைமேல் வைக்கும் டெஸ்க்டாப். முதன்முதலாகச் சின்தசைசர் வாங்க நினைப்பவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒலியைத் தேர்ந்தெடுக்கக் காது போதும். உடலைத் தேர்ந்தெடுக்கக் கையைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே உயிர், மூன்று உடல்

எந்தச் சின்தசைசரையும் மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். விரல் தொடும் கட்டைகள் ஒன்று. ஒலியின் நிறத்தை மாற்றும் குமிழ்கள் இன்னொன்று. உள்ளே ஒலியைப் பிறப்பிக்கும் மின்சுற்று மூன்றாவது. 1964இல் ராபர்ட் மூக் உருவாக்கத் தொடங்கிய பெரிய மாடுலர் கருவிகளில் கட்டைப்பலகை தனியாக இருந்தது. கம்பி வழியே மின்னழுத்தம் அனுப்பித்தான் அது ஒலிச்சுற்றை இயக்கியது. 1970இல் வந்த மினிமூக் மூன்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் சேர்த்தது. 44 கட்டைகள், மேலே சாய்வான பலகையில் குமிழ்கள் என்ற அந்த அமைப்பே ‘சின்தசைசர்’ என்றதும் நம் மனத்தில் எழும் உருவமாக நிலைத்துவிட்டது. மிடி வந்த பிறகு, சேர்ந்திருந்தவை மறுபடி பிரியத் தொடங்கின.

பிரிந்தால் என்ன ஆகும் என்பதை யமஹாவின் டிஎக்ஸ்7 (DX7) அழகாகக் காட்டுகிறது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறையில் ஒலி எழுப்பும் இந்தக் கருவி 1983இல் வந்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். மறு ஆண்டே அதே ஒலிச்சுற்று TX816 என்ற ராக்கில் குடியேறியது. அதில் கட்டை ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு டிஎக்ஸ்7க்குச் சமமான எட்டு அட்டைகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன, 128 குரல்கள். எட்டிலும் ஒரே ஒலியை ஏற்றி, சுருதியைச் சற்றே முன்பின்னாக விலக்கி ஒலிக்கச் செய்தால் ஒற்றை டிஎக்ஸ்7 தராத அடர்த்தி கிடைத்தது. 1985இல் அதே உயிர் டிஎக்ஸ்7இன் மேசைத் தம்பியான TX7 என்ற சிறு டெஸ்க்டாப் பெட்டிக்குள் புகுந்தது.

ஆனால் அந்த ராக்கின் முகப்பிலோ மேசைப் பெட்டியின் முகப்பிலோ புதிய ஒலியை வடிக்க வழியில்லை. அதற்கு ஒரு டிஎக்ஸ்7 கீபோர்டோ கணினியோ வேண்டும். உயிர் கூடு விட்டுக் கூடு பாய்ந்துவிட்டது. கையோ பழைய கூட்டிலேயே தங்கிவிட்டது. நாம் வாங்க நினைக்கும் கருவியில் கை எங்கே தங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கீபோர்டு: இடது கைக்கும் வேலை

கீபோர்டின் பலம் கட்டைகளோடு முடிவதில்லை. மினிமூக்கின் இடது ஓரத்தில் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் சுரம் மேலேயும் கீழேயும் வழுக்கும். மற்றது ஒலியில் அசைவைக் கூட்டும். நம் இசையில் இதன் அருமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை ஆர்மோனியக் கட்டையால் தர முடியாது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியபோது அதன்மேல் சொல்லப்பட்ட முக்கியக் குறைகளில் இதுவும் ஒன்று. சின்தசைசரின் சக்கரம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. வலது கை சுரத்தைப் பிடிக்க, இடது கை அதை அசைக்கிறது.

சில கீபோர்டுகளில் கட்டையை அழுத்திய பின் மேலும் அழுத்தினால் ஒலி மாறும். இதற்கு ‘ஆஃப்டர்டச்’ என்று பெயர். எழுபதுகளில் வந்த யமஹா சிஎஸ்-80இல் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியே இந்த உணர்வு இருந்தது. ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு வாங்கெலிஸ் இசையமைத்தபோது அவர் கையில் குழைந்த கருவி அது. எடை ஏறத்தாழ 100 கிலோ. கீபோர்டின் குறையும் அதிலேயே தெரிகிறது. கட்டைகள் வந்தாலே அகலம், எடை, விலை மூன்றும் ஏறும். நான்கு கீபோர்டு வாங்கினால் நான்கு முறை கட்டைகளுக்குக் காசு கொடுக்கிறோம். வாசிப்பதோ இரண்டு கைகள்தான்.

ராக்: அடுக்கி வைத்த குரல்கள்

ராக் இசைக்காகப் பிறந்ததல்ல. தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கப் பயன்பட்ட 19 அங்குல அகலச் சட்டகம்தான் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. உயரத்தை ‘யூ’ என்ற அலகால் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஒரு யூ உயரமுள்ள பத்துக் கருவிகளை அடுக்கினால் உயரம் அரை மீட்டரைக்கூடத் தொடாது. பத்துக் குரல்களும் ஒரு மூலையில் அடங்கிவிடும். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கம்பிகளை ஒருமுறை பின்னால் இணைத்து, பெட்டியோடு மூடி எடுத்துப் போகலாம். மேடையில் மூடியைத் திறந்து மின்சாரம் கொடுத்தால் தயார்.

இத்தனை குரல்களை அடுக்கியதற்கு ராக் கேட்ட விலை குமிழ்கள். முகப்பு மெல்லியது என்பதால் சிறு திரையும் சில பொத்தான்களும்தான் பொருந்தின. ஓபர்ஹைம் மேட்ரிக்ஸ்-1000இல் ஆயிரம் ஒலிகள் உண்டு. ஆனால் ஒரு ஒலியை முழுதாகத் திருத்த முகப்பு இடம் தராது. ரோலண்ட் தன் எம்கேஎஸ்-80 ராக்குக்கு எம்பிஜி-80 என்ற குமிழ்ப் பெட்டியைத் தனியாகவே விற்றது. கழற்றிய கையை மறுபடி ஒட்டிக்கொள்ள இன்னொரு பெட்டி தேவைப்பட்டது. 1994இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 போன்றவை வேறு வழியில் வென்றன: 64 குரல்கள், பல வாத்தியங்களின் ஆயத்த ஒலிகள், கூடுதல் ஒலி அட்டைகளைச் செருக நான்கு இடங்கள். திருத்த வேண்டாம், தேர்ந்தெடுத்து வாசித்தால் போதும் என்பவருக்கு அது பொக்கிஷம். பிற்பாடு கணினி மென்பொருள் அந்த வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதால் புதிய ராக் சின்தசைசர்கள் அருகிவிட்டன. அதனாலேயே பழைய ராக்குகளில் நல்ல ஒலி மலிவாகக் கிடைப்பதுண்டு. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். திரை மங்கியிருக்கிறதா? உள்ளே நினைவகத்தைக் காக்கும் சிறு பேட்டரி உயிரோடு இருக்கிறதா? பல பழைய கருவிகளில் பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஒலிகளும் அழிந்துபோகும்.

டெஸ்க்டாப்: மேசைமேல் ஒரு குமிழ்த் தோட்டம்

கட்டையில்லாத ஒலிப்பெட்டி நமக்குப் புதிதல்ல. சபா மேடையில் பாடகர் அருகே இருக்கும் மின்னணு சுருதிப்பெட்டிக்குக் கட்டை கிடையாது. குமிழைத் திருகிச் சுருதி சேர்க்கிறோம். டெஸ்க்டாப் சின்தசைசரும் அப்படி மேசையில் உட்கார்ந்து, குமிழ்களை நம் பக்கம் நீட்டும் பெட்டி. ராக் இழந்த கையை இது மீட்டுக் கொடுத்தது. 1997இல் வந்த ஆக்செஸ் வைரஸ் இந்த வடிவத்துக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. 2017இல் நோவேஷன் வெளியிட்ட பீக், 8 குரல்களோடு முகப்பு நிறையக் குமிழ்கள் கொண்டது.

குறை இடம்தான். ராக் மேல்நோக்கி வளரும். டெஸ்க்டாப் பக்கவாட்டில் படரும். மூன்று பெட்டி சேர்ந்தால் மேசை நிரம்பிவிடும். பின்னால் அடாப்டர்களும் கம்பிகளும் சிக்கலாகும். ஆகவே, வாங்கும் முன் மேசையை அளந்துகொள்ளுங்கள்.

ஒரே பெயரில் வரும் கீபோர்டும் டெஸ்க்டாப்பும் எல்லா விதத்திலும் ஒன்று என்று நம்பிவிடவும் கூடாது. வால்டார்ஃப் ப்ளோஃபெல்ட் கீபோர்டில், பதிவுசெய்த ஒலிகளை ஏற்றும் வசதி கூடவே வந்தது; டெஸ்க்டாப் வாங்கியவர்கள் அதற்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பீக்கின் அண்ணனாக 2019இல் வந்த சம்மிட்டில் 61 கட்டைகள் மட்டுமல்ல, குரல்களும் இரட்டிப்பாகி 16 ஆயின. விவரப் பட்டியலை வரி வரியாக ஒப்பிட்ட பிறகே காசை எடுங்கள்.

பிரித்து வாங்கினால்

நல்ல கீபோர்டு ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், அடுத்த குரலைப் பெட்டியாக வாங்குவதே சிக்கனம். ஒரே மிடி கம்பியில் 16 தடங்கள் உண்டு. பல பெட்டிகளைத் தொடராக இணைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் கொடுக்கலாம். கம்பி வழியே போனால் தாமதமாகுமோ என்ற அச்சம் வேண்டாம். ஒரு சுரத்துக்கான செய்தி போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடிதான்.

இங்கே பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. சக்கரத்தைத் தள்ளும்போது எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பது மட்டுமே கம்பியில் போகிறது. அது அரைச் சுரமா, இரண்டு சுரமா என்று முடிவுசெய்வது எதிரில் இருக்கும் ஒலிப்பெட்டி. இரண்டு பெட்டிகளில் இந்த அளவு வெவ்வேறாக இருந்தால், ஒரே கமகம் ஒன்றில் சரியாகவும் மற்றதில் பிசகியும் கேட்கும். புதிய பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். ஆஃப்டர்டச்சும் அப்படித்தான். பெட்டிக்கு அது புரிந்தாலும், உங்கள் கட்டைகள் அதை அனுப்பினால்தான் பயன்.

இனி முடிவுசெய்வது எளிது. இது முதல் கருவியா, அல்லது மேடையில் கம்பி சேர்க்க நேரமில்லாதவரா? கீபோர்டு வாங்குங்கள். கட்டை இருக்கிறது, ஒலியை வடிப்பதில்தான் ஆசை என்றால் டெஸ்க்டாப். கட்டையும் இருக்கிறது, ஆயத்த ஒலிகள் நிறைய வேண்டும், இடமோ குறைவு என்றால் ராக்.

கடையில் இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பிரகாசத்தைக் குறைக்க முயலுங்கள். கை தானாகப் போய் ஒரு குமிழைப் பிடித்ததா, அல்லது பொத்தானை அழுத்தி அழுத்தித் திரைக்குள் தேடியதா? எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு, அந்தக் கருவியோடு உட்காரும் ஒவ்வொரு நாளும் உங்கள் கை அதே தூரத்தைத்தான் நடக்கப்போகிறது.